கடலுக்குள்ளும் கொள்ளைநோய் பரவும், தெரியுமா?

தன் கைகள் ஒவ்வொன்றாகக் கழன்று ஆளுக்கொரு திசையில் நகர்ந்துபோக, நடுவுடல் மட்டும் கூழாகிச் சாகும் உயிர் ஒன்று உண்டு, தெரியுமா? வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் 2013 ஜூன் மாதம் தொடங்கி, அலாஸ்கா முதல் மெக்சிகோ வரை நட்சத்திர மீன்கள் இப்படித்தான் செத்தன. முதலில் உடம்பில் வெள்ளைப் புண். பிறகு கைகள் முறுக்கிக்கொள்ளும். அடுத்து அவை உடலிலிருந்து பிய்ந்துகொண்டு போகும். பிய்ந்த கை சற்று நேரம் தானாக ஊர்ந்துகொண்டிருக்கும்! இருபதுக்கும் மேற்பட்ட இனங்களை இந்த நோய் தாக்கியது.

அவற்றில் பேரடி வாங்கியது சூரியகாந்தி நட்சத்திர மீன். நம் கரையில் ஒதுங்கும் ஐந்து கை நட்சத்திரத்தை மனதில் வைத்து இதை எடைபோடாதீர்கள். இதற்கு 24 கைகள் வரை உண்டு! விரித்தால் ஒரு மீட்டர் அகலம்! கடலடியில் ஓடிப்போய் இரை பிடிக்கும் வேட்டைக்காரன் இது. சில ஆண்டுகளுக்குள் இந்த ஓர் இனத்தில் மட்டும் செத்தவை எத்தனை தெரியுமா? சுமார் 575 கோடி! இருந்தவற்றில் 90 சதவீதத்துக்கு மேல் போய்விட்டன. உலகில் இன்று வாழும் மனிதர்களின் தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் அந்த எண்ணின் பயங்கரம் புரியும். 2020-ல் அழிவின் விளிம்பில் நிற்கும் உயிர்களின் பட்டியலுக்கு இது வந்து சேர்ந்தது.

ஒரு நட்சத்திர மீன் செத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கிறீர்களா? அங்கேதான் கதையே தொடங்குகிறது. இந்த நட்சத்திர மீனின் சாப்பாடு கடல் முள்ளெலி. உடம்பெல்லாம் முள் குத்திட்டு நிற்கும் உருண்டை உயிர் அது. முள்ளெலியின் சாப்பாடு கெல்ப். கெல்ப் என்பது கடலடியில் வேர் போலப் பற்றிக்கொண்டு தென்னை உயரத்துக்கு எழும் பெரும்பாசி. அதன் காட்டுக்குள் மீன், நண்டு, நத்தை, கடல் நீர்நாய் என்று ஓர் உலகமே வாழ்கிறது. வேட்டைக்காரன் போனதும் ஊதா நிற முள்ளெலிகள் பெருகின. அதே நேரம் பசிபிக் கடலில் பெரும் வெப்ப அலையும் அடித்தது. இரண்டும் சேர, வட கலிபோர்னியாவில் 350 கிலோமீட்டர் கரையோரம் இருந்த கெல்ப் காட்டில் 90 சதவீதத்துக்கு மேல் மொட்டையடிக்கப்பட்டது! அந்தப் பாசியை நம்பி வாழ்ந்த சிவப்பு அபலோன் நத்தைகள் பட்டினியில் செத்தன. 2018-ல் அபலோன் பிடிக்கவே அரசு தடை போட்டது. எங்கோ தொடங்கிய ஒரு புண், கடைசியில் மனிதர்களின் பிடிப்பையே நிறுத்திவிட்டது பாருங்கள்!

கொலையாளி யார்? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின, தெரியுமா? 2014-ல் ஒரு வைரஸ் மீது சந்தேகம் விழுந்தது. உலகமெங்கும் செய்தி பரவியது. ஆனால் தேடத் தேட, அந்த வைரஸ் நோயில்லாத நட்சத்திர மீன்களிடமும் இருப்பது தெரிந்தது. முதல் ஆய்வை நடத்திய கார்னெல் பல்கலைக்கழகத்தின் இயன் ஹியூசனே மேலும் ஆராய்ந்து, வைரஸ் மீதான குற்றச்சாட்டு நிற்காது என்று எழுதினார். தான் சொன்னதைத் தானே திருத்திய அந்த நேர்மைக்குத் தலைவணங்கலாம். கடைசியில் 2025 ஆகஸ்ட் மாதம் கனடாவின் ஹகாய் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மெலனி ப்ரென்டிஸ், அலிசா கெமன் குழு கொலையாளியைப் பிடித்தது. அது 'விப்ரியோ பெக்டெனிசிடா' என்னும் பாக்டீரியா. மனிதர்களைக் கொன்று குவித்த காலராக் கிருமியின் நெருங்கிய உறவு! இத்தனை ஆண்டும் பலர் தேடியது தசையில். கிருமி ஒளிந்திருந்ததோ உடலுக்குள் ஓடும் நீரில். நோயுற்ற மீனின் உடல்நீரை நல்ல மீனுக்குள் செலுத்தினால் நோய் வந்தது. அதே நீரைச் சூடாக்கியோ நன்றாக வடிகட்டியோ செலுத்தினால் வரவில்லை. அந்த எளிய சோதனைதான் கதவைத் திறந்தது.

சரி, முள்ளெலி கெட்டது என்று முடிவு கட்டிவிட்டீர்களா? பொறுங்கள்! கரீபியன் கடலில் வேறொரு முள்ளெலி இனம்தான் பவளத்தின் காவலன். பவளம் ஒரு விலங்கு. கல்லைப் போலத் தோன்றும் வீட்டைத் தானே கட்டிக்கொண்டு, வெயிலை நம்பி வாழ்கிறது. பாசி வந்து மூடினால் வெயில் போய்விடும், குஞ்சுப் பவளம் ஒட்டிக்கொள்ள இடமும் இல்லாமல் போகும். நீண்ட கறுப்பு முட்களைக் கொண்ட டயடீமா முள்ளெலி இரவெல்லாம் அந்தப் பாசியை மேய்ந்து பாறையைச் சுத்தமாக வைத்திருந்தது. 1983 ஜனவரியில் பனாமா கால்வாயின் கரீபியன் வாசலருகே அவை திடீரென முள் உதிர்ந்து விழத் தொடங்கின. பதின்மூன்றே மாதம்! கரீபியன் கடல் முழுவதும், வடக்கே பெர்முடா வரை நோய் போய்விட்டது. போன இடமெல்லாம் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்றுக்கு மேல் சாவு. ஜமைக்காவின் பாறைகளில் 1970-களின் பிற்பகுதியில் பவளம் மூடியிருந்த பரப்பு 52 சதவீதம். 1990-களின் தொடக்கத்தில் வெறும் 3 சதவீதம். பாசியோ 4-லிருந்து 92 சதவீதத்துக்குப் பாய்ந்தது! 1980-ல் அடித்த ஆலன் சூறாவளியும், பாசி மேயும் மீன்களை அளவுக்கு மீறிப் பிடித்ததும் முன்பே அந்தப் பாறைகளைப் பலவீனமாக்கியிருந்தன. கடைசிக் காவலனும் சாய்ந்தபின் எதுவும் மிஞ்சவில்லை.

1983-ன் கொலையாளி யார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆனால் 2022 ஜனவரியில் அமெரிக்க வர்ஜின் தீவுகளில் மறுபடியும் முள்ளெலிகள் சாகத் தொடங்கியபோது, உலகம் தயாராக இருந்தது. அதே இயன் ஹியூசன், மற்ற அறிஞர்களோடு சேர்ந்து, அடுத்த ஆண்டே விடையை வெளியிட்டார். உடம்பெங்கும் மயிரிழை கொண்டு நீந்தும் ஒற்றைச் செல் உயிர் ஒன்று, முள்ளெலியை உயிரோடு தின்றுகொண்டிருந்தது!

அது அங்கேயே நின்றுவிடவில்லை. இதுதான் என்னைத் தூங்கவிடாத பகுதி. 2022-ல் மத்தியதரைக் கடல். 2023 தொடக்கத்தில் செங்கடலின் அகபா வளைகுடா. அதே ஆண்டில் இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவு. டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் ஓம்ரி ப்ரான்ஸ்டைன் குழு கண்டது என்ன தெரியுமா? நோய் தொற்றிய முள்ளெலி இரண்டே நாளில் தசையெல்லாம் போய் வெறும் ஓடாகிவிடுகிறது! செங்கடலில் செத்தவற்றுள் முக்கியமான இனம் டயடீமா செட்டோசம். நம் மன்னார் வளைகுடாவிலும் இலங்கைக் கரையிலும் பவள இடுக்குகளில் முள் நீட்டிக்கொண்டிருக்கும் அதே இனம். பெருங்கடல் ஒன்றுதான். நோய்க்கு நடுவில் சோதனைச் சாவடி கிடையாது.

கடலில் தொற்று எவ்வளவு வேகமாக ஓடும் தெரியுமா? 1995-ல் தென் ஆஸ்திரேலியாவில் மத்தி மீன்கள் செவுள் வீங்கி மூச்சுத் திணறிச் செத்தன. காரணம், அதுவரை யாரும் அறியாத ஒரு ஹெர்பிஸ் வைரஸ். நாளொன்றுக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில், நீரோட்டத்தின் திசையிலும் அதற்கு எதிர்த்திசையிலும் ஒருசேரப் பரவியது! 5,000 கிலோமீட்டர் கரை நெடுக மீன்கள் வெள்ளி வெள்ளியாக ஒதுங்கின. வளர்ந்த மீன்கள் மட்டுமே செத்தன, குஞ்சுகள் தப்பின. 1998-ல் மறுபடி வந்து, தென் ஆஸ்திரேலியாவில் முட்டையிடும் மத்திக் கூட்டத்தில் ஏறத்தாழ 70 சதவீதத்தை வாரிக்கொண்டு போனது. மனிதர்களால் தடுக்க முடியாத தொற்று இது. கடலுக்குத் தடுப்பூசி போடுவது யார்?

கடல் நாய்களின் கதை இன்னும் விசித்திரம். 1988-ல் டென்மார்க்கின் ஆன்ஹோல்ட் என்னும் சிறு தீவில் தொடங்கிய வைரஸ், வட ஐரோப்பாவில் சுமார் 18,000 கடல் நாய்களைக் கொன்றது. வீட்டு நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோயின் உடன்பிறப்பு அது. 14 ஆண்டுகள் கழித்து, 2002-ல், திரும்பி வந்தது. எங்கே தொடங்கியது தெரியுமா? அதே ஆன்ஹோல்ட் தீவில்! இம்முறை சுமார் 30,000.

2023 அக்டோபர், அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பம். யானைக் கடல் நாய்கள் ஆண்டுதோறும் குட்டி போடக் கரையேறும் இடம். கோழிப் பண்ணைகளை உலுக்கிய அதே எச்5என்1 பறவைக் காய்ச்சல் அங்கே நுழைந்தது. அந்தப் பருவத்தில் பிறந்த குட்டிகளில் சுமார் 97 சதவீதம், அதாவது 17,000-க்கும் மேல், செத்தன. ஒரு தலைமுறையே மணலில் கிடந்தது. இதைப் பற்றி மேலும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

இப்போது கேளுங்கள், இந்தக் கட்டுரையிலேயே என்னை அதிகம் திகைக்க வைத்த செய்தியை. புற்றுநோய் தொற்றுமா? தொற்றாது என்றுதானே படித்தோம்? மட்டிகளிடம் தொற்றுகிறது! வட அமெரிக்கக் கிழக்குக் கரையின் மென் ஓட்டு மட்டிகளுக்கு இரத்தப் புற்று போன்ற ஒரு நோய் இருப்பது 1970-களிலிருந்தே தெரியும். 2015-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் மெட்ஸ்கர், ஸ்டீஃபன் காஃப் இருவரும் அந்தப் புற்றுச் செல்களின் மரபணுவைப் படித்தார்கள். நியூயார்க்கில் எடுத்த மட்டியின் புற்றும் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் எடுத்த மட்டியின் புற்றும் ஒன்றே! அவை வாழும் மட்டிகளின் மரபணுவோடு பொருந்தவில்லை. என்றோ ஒருநாள் ஏதோ ஒரு மட்டியின் உடலில் பிறந்த புற்று, அந்த மட்டி செத்த பிறகும் சாகாமல், கடல்நீர் வழியே உடல் விட்டு உடல் பாய்ந்து வாழ்கிறது. இன்னும் கேளுங்கள். ஸ்பெயின் கரையில் ஒரு மட்டி இனத்தின் புற்று வேறோர் இனத்துக்குத் தாவியிருப்பதை 2016-ல் கண்டுபிடித்தார்கள். வட பகுதிக் கடற்சிப்பி ஒன்றில் பிறந்த புற்று, பிரான்ஸிலும் தென் அமெரிக்காவிலும் வேறு சிப்பி இனங்களுக்குள் வாழ்கிறது. கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டு போயிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். சாப்பிடுகிறவர்களுக்கு இதனால் ஆபத்தில்லை, பயப்பட வேண்டாம்.

கடல் உயிர்களிடமிருந்து நமக்கு நோய் வருமோ என்று கவலைப்படுகிறோம். நம்மிடமிருந்து அவற்றுக்குப் போன நோய் ஒன்று உண்டு, தெரியுமா? குளியலறை மூலையில் இளஞ்சிவப்பு வழவழப்பு படிகிறதே, அதில் பெரும்பாலும் இருப்பது செரேஷியா மார்சசன்ஸ் என்னும் பாக்டீரியா. மனிதக் குடலிலும் உண்டு, சாக்கடையிலும் உண்டு. அமெரிக்காவின் புளோரிடா முனையில், மான்கொம்பு போலக் கிளைக்கும் பவளங்களின் மேல் 1996-ல் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் தோன்றின. சில ஆண்டுகளில் அந்த இனத்தின் பெரும்பகுதி அங்கே அழிந்தது. 2002-ல் குற்றவாளி இந்தப் பாக்டீரியாதான் என்று கேத்ரின் பேட்டர்சன் சதர்லேண்ட் குழு காட்டியது. அது எங்கிருந்து வந்தது? 2011-ல் அவர்களே சாக்கடையிலிருந்து எடுத்த மனிதக் கிருமியை ஆய்வகத்தில் பவளத்துக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நான்கே நாளில் நோய் வந்தது! மனிதனிடமிருந்து முதுகெலும்பற்ற கடல் விலங்குக்கு நோய் போனதை நிரூபித்த முதல் ஆய்வு அது. நாம் கழிப்பறையில் தண்ணீர் ஊற்றியதும் விஷயம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். முடிவதில்லை. புளோரிடா முனைப் பகுதி அதைப் புரிந்துகொண்டு வீட்டுக் கழிவுக் குழிகளை மூடி, சுத்திகரிப்பு ஏற்பாடு செய்தது.

பிளாஸ்டிக்? 2018-ல் ஜோலியா லாம்ப் குழு மியான்மர், தாய்லாந்து, இந்தோனேசியா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் 159 பவளத்திட்டுகளில் 1,24,000 பவளங்களை எண்ணிப் பார்த்தது. பிளாஸ்டிக் படாத பவளத்துக்கு நோய் வர வாய்ப்பு 4 சதவீதம். பிளாஸ்டிக் படிந்த பவளத்துக்கு? 89 சதவீதம்! கிழித்துப் புண்ணாக்குகிறது, வெளிச்சத்தை மறைக்கிறது, மூச்சை அடைக்கிறது. புண் கிடைத்தால் கிருமி சும்மா இருக்குமா?

புளோரிடாவையே இன்னொரு நோயும் வாட்டுகிறது. 2014-ல் மயாமி அருகே தொடங்கிய இந்த நோயில் பவளத்தின் தசை எலும்புக்கூட்டிலிருந்து அப்படியே உரிந்து விழுகிறது. நூற்றாண்டுகள் வளர்ந்த பவளம் சில வாரங்களில் வெள்ளைக் கல்லாகிவிடும். இருபதுக்கும் மேற்பட்ட இனங்கள், கரீபியன் நாடு நாடாகப் பரவல், காரணக் கிருமி இன்னும் பிடிபடவில்லை. அதற்கு மருந்து என்ன தெரியுமா? நமக்குத் தொண்டை வலிக்கு மருத்துவர் எழுதித் தருகிற அமாக்சிசிலின்! அதைப் பசையில் குழைத்து, முக்குளிப்போர் கடலடியில் பவளத்தின் புண் ஓரத்தில் கையால் பூசுகிறார்கள். நோய் எட்டாத பவளங்களை முன்கூட்டியே பெயர்த்தெடுத்து, கடலே இல்லாத அயோவா, நெப்ராஸ்கா மாநிலங்களின் காட்சிசாலைத் தொட்டிகளுக்குக் கூடக் கொண்டுபோய்ப் பாதுகாக்கிறார்கள். தூண் போல எழும் ஒரு பவள இனம் புளோரிடாக் கடலில் ஏறத்தாழ அற்றுப்போய்விட்டது. 2019-ல் ஆய்வகத் தொட்டியில் அதை முட்டையிட வைத்தார்கள். விடாமுயற்சி என்றால் இதுதான்.

எல்லாச் சாவையும் நாம் கவனிக்கிறோமா? 1930-களின் தொடக்கத்தில் வட அட்லாண்டிக் கரைகளில் கடற்புல்லைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்ணுயிர் அழுக வைத்தது. சில ஆண்டுகளில் புல்வெளிகளில் ஏறத்தாழ 90 சதவீதம் காணாமல் போனது. அந்தப் புல்லின் இலையில் மட்டுமே வாழ்ந்த நகமளவு நத்தை ஒன்று அதோடு அற்றுப்போனது. யாருக்கும் தெரியவில்லை. ஜேம்ஸ் கார்ல்டன் என்பவரும் உடன் ஆய்ந்தவர்களும் 1991-ல் பழைய அருங்காட்சியகச் சேகரிப்புகளைத் துருவியபோதுதான், அது போய் அறுபது ஆண்டுகள் ஆகிவிட்டதை உலகம் அறிந்தது.

நம் கடலுக்கு வருவோம். 2019 ஆகஸ்டில் ஓரிரவு, சென்னை திருவான்மியூர்க் கரையோரம் அலைகள் நீலமாக ஒளிர்ந்தன. ஊரே திரண்டு படம் எடுத்தது. நாக்டிலூகா என்னும் ஒற்றைச் செல் உயிர் கோடிக்கணக்கில் பெருகினால் கடல் அப்படி ஒளிரும். அடுத்த மாதமே அதே உயிர் மண்டபம், பாம்பன் பக்கம் பச்சை நிறத்தில் கடலை மூடியது. அங்கே அதற்குப் பூங்கோரை என்று பெயர். அது பெருகி, செத்து, அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். மீன்கள் செத்து ஒதுங்கின. சிங்கிலித் தீவையொட்டிய பவளங்களும் மூச்சடைத்துச் செத்ததைத் தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தினர் நீருக்குள் இறங்கிப் பதிவு செய்தார்கள். அந்தப் பவளங்கள் 2010-லும் 2016-லும் வெப்பத்தால் வெளிறிப்போய், தப்பிப் பிழைத்தவை என்பதுதான் கொடுமை.

கடலுக்கு மருந்தே இல்லையா? இருக்கிறது, அதுவும் நம் காலடியில்! இந்தோனேசியாவில் மக்கள் நெருங்கி வாழும், சாக்கடை நேராகக் கடலில் கலக்கும் சிறு தீவுகளுக்குப் போன ஆய்வாளர்கள் தாங்களே வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். கடற்புல் இந்தக் கிருமிகளைக் குறைக்குமா என்று அப்போது எழுந்த கேள்வியை வைத்து அளந்தார்கள். 2017-ல் வெளியான விடை இது: கடற்புல் இருக்கும் இடத்தில் நோய்க்கிருமிகள் பாதியாகக் குறைகின்றன! அருகிலுள்ள பவளங்களில் நோயும் பாதிதான். இந்தியாவின் மிகப் பரந்த கடற்புல் வெளிகள் எங்கே இருக்கின்றன தெரியுமா? நம் பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும். 2022-ல் தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியா என்னும் கடற்பசுவுக்கான காப்பகமாக அறிவித்தது. ஆவுளியா மேயும் புல்லும் அதோடு சேர்ந்து காப்பாற்றப்படுகிறது.

கடலோரத்தில் வாழும் நண்பர்களே, ஒரு வேண்டுகோள். கிழிந்த வலையைக் கடலிலேயே அறுத்துவிடாதீர்கள், கரைக்குக் கொண்டுவாருங்கள். புல் மேல் நங்கூரம் போடுவதைத் தவிருங்கள். ஊர்ச் சாக்கடை கடலில் விழுகிறது என்றால் கிராம சபையில் எழுந்து கேளுங்கள். மீனோ, நட்சத்திர மீனோ, முள்ளெலியோ, ஆமையோ கூட்டமாகச் செத்து ஒதுங்கினால் கையால் தொடாமல், இடத்தையும் நாளையும் குறித்து, படம் எடுத்து, அருகிலுள்ள மீன்வளத் துறை அலுவலகத்துக்கோ மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கோ அன்றைக்கே சொல்லுங்கள். செத்த உடல் அழுகுவதற்குள் அவர்கள் கைக்குப் போனால்தான் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியும்.